எட்டாவது கூடை எங்கே?

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாமா?

ஒரு பழக்கடை. அங்கே எட்டுக் கூடை மாம்பழம். கடைக்காரரின் மகள் கணினியில் கெட்டிக்காரி. எட்டுக் கூடைகளின் விவரத்தையும் ஓர் அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறாள்.

“நார் இல்லாத கூடைகளை மட்டும் காட்டு” என்று கணினியிடம் கேட்டாள். நான்கு வந்தன.

“நார் உள்ள கூடைகளை மட்டும் காட்டு” என்று கேட்டாள். மூன்று வந்தன.

நான்கும் மூன்றும் ஏழு. கூடைகளோ எட்டு. ஒன்று எங்கே போயிற்று?

கணினிக்குக் கணக்கு வரவில்லையா? வரும். யாராவது கூடையைத் தூக்கிப் போய்விட்டார்களா? இல்லை, கூடை கடையிலேயே இருக்கிறது. கணினிக்குள் அதன் விவரமும் பத்திரமாக இருக்கிறது. இரண்டு முறை கூப்பிட்டும் அது வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை? நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. முதலில் அட்டவணையைப் பாருங்கள். விலையும் நார் விவரமும் நான் சும்மா போட்டவை. கடையில் போய்ப் பேரம் பேசக் கூடாது!

1. மல்கோவா – கிலோ 180 ரூபாய் – நார் இல்லை
2. நீலம் – 70 ரூபாய் – நார் இல்லை
3. பங்கனப்பள்ளி – 90 ரூபாய் – நார் இல்லை
4. செந்தூரா – 80 ரூபாய் – நார் உண்டு
5. கிளிமூக்கு – 50 ரூபாய் – நார் உண்டு
6. இமாம்பசந்த் – 200 ரூபாய் – நார் இல்லை
7. நீலம் – 60 ரூபாய் –
8. நாட்டு மாம்பழம் – 40 ரூபாய் – நார் உண்டு

ஏழாவது கூடையைப் பார்த்ததும் சிலர் புருவத்தைத் தூக்கியிருப்பீர்கள். சபாஷ்! நார் என்ற இடத்தில் அங்கே ஒன்றுமே எழுதவில்லை. அந்தக் கூடை இப்போதுதான் வந்து இறங்கியது. ஒரு பழத்தைக்கூட இன்னும் நறுக்கிப் பார்க்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சுற்றிவிட்டு இங்கே திரும்பி வருவோம்.

இப்படி விவரங்களை அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குத் தரவுத்தளம் என்று பெயர். டேட்டாபேஸ் என்றும் சொல்வார்கள். ஒரு கூடைக்கு ஒரு வரிசை. பழத்தின் பெயர், விலை, நார் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை.

எட்டு வரிசைகளை யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்த்துவிடலாம். எட்டாயிரம் இருந்தால்? அப்போதுதான் வடிகட்டி தேவைப்படுகிறது. ஃபில்டர் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதுதான். வேண்டிய வரிசைகளை மட்டும் திரையில் காட்டச் சொல்வது.

உங்கள் வகுப்பில் ஆசிரியர் “சைக்கிளில் வந்தவர்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள்” என்கிறார். சிலர் எழுந்து நிற்கிறார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள். உட்கார்ந்தவர்களை யாரும் வகுப்பைவிட்டு அனுப்பவில்லை. வருகைப் பதிவேட்டிலிருந்து அவர்கள் பெயரை அடிக்கவும் இல்லை. வடிகட்டி செய்வதும் இதுவேதான். ஒவ்வொரு வரிசையிடமும் ஒரு கேள்வி கேட்கிறது. “ஆம்” என்ற வரிசை திரைக்கு வருகிறது. மற்றவை உள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன.

ஆக, வடிகட்டுவது வேறு, அழிப்பது வேறு. புரிகிறதா? இது புரியாமல் பெரியவர்களே பயந்துபோவது உண்டு.

எப்படி என்று கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. கடை, அலுவலகம், பள்ளி எல்லாவற்றுக்கும் தேவையான திரைகளை அதில் நாமே வடிவமைத்துக்கொள்ளலாம். ஒரு திரையில் வடிகட்டி போட்டுவிட்டுச் சேமித்தால், அந்த வடிகட்டியும் திரையோடு சேர்ந்து தங்கிவிடும். திறக்கும்போதே வடிகட்டு என்று அமைப்பில் சொல்லி வைத்திருந்தால், மறுநாள் திரை திறந்ததும் பாதி வரிசைகளைக் காணோம்! “ஐயோ, எல்லாம் போச்சே” என்று சிலர் தொலைந்ததாக நினைத்த விவரங்களை மறுபடியும் உட்கார்ந்து தட்டெழுதவே ஆரம்பித்துவிடுவார்கள். முடிவில் அந்த வரிசைகள் எல்லாம் இரண்டு முறை பதிவாகிவிடும்.

இத்தனைக்கும் திரையின் அடியிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. எத்தனையாவது வரிசையில் இருக்கிறோம் என்று காட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, வடிகட்டப்பட்டிருக்கிறது என்று சின்னதாக எழுதியிருக்கும். யார் குனிந்து பார்க்கிறார்கள்?

சரி, நீங்களே செய்து பார்க்க வேண்டாமா? லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருள் தொகுப்பைக் காசு கொடுக்காமல் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அதில் பேஸ் என்று ஒரு பகுதி உண்டு. தரவுத்தளம் கட்டுவதற்கு என்றே செய்தது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

நம் எட்டுக் கூடைகளையும் அதில் ஓர் அட்டவணையாக எழுதுங்கள். அட்டவணையைத் திறந்தால் மேலே ஒரு கருவிப்பட்டை தெரியும். அதில் புனல் படம் போட்ட பொத்தான்கள் இருக்கும். ஏதாவது ஒரு “நீலம்” மேல் சுட்டியை வைத்துச் சொடுக்குங்கள். பிறகு ஆட்டோ ஃபில்டர் பொத்தானை அழுத்துங்கள். திரையில் 2, 7 ஆகிய இரண்டு கூடைகள் மட்டும் நிற்கும். நீங்கள் எதையும் தட்டெழுதவில்லை. “இதைப் போல இருப்பவை எல்லாம் வா” என்று விரலால் சுட்டிக் காட்டினீர்கள், அவ்வளவே.

வடிகட்டியை நீக்கும் பொத்தானை அழுத்துங்கள். எட்டும் திரும்பி வந்துவிடும்.

விலையை வைத்துக் கேட்க வேண்டும் என்றால் இப்படிச் சுட்டிக் காட்டினால் போதாது. அதற்கு ஸ்டாண்டர்ட் ஃபில்டர் என்று இன்னொரு பொத்தான். அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். எந்த நெடுவரிசை, என்ன நிபந்தனை, என்ன மதிப்பு என்று மூன்று இடங்கள். விலை, சிறியது, 100 என்று நிரப்பினால் 2, 3, 4, 5, 7, 8 என ஆறு கூடைகள் வரும். அதே பெட்டியில் இன்னும் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கவும் இடம் உண்டு.

இரண்டாவது நிபந்தனை சேரும்போதுதான் விளையாட்டு சூடு பிடிக்கிறது. நடுவில் “மற்றும்” போடுவதா, “அல்லது” போடுவதா?

“விலை 100க்குக் கீழ், மற்றும் நார் இல்லை” என்று கேட்டால் எத்தனை கூடை? மேலே பார்த்து எண்ணுங்கள். நான் காத்திருக்கிறேன்.

எண்ணிவிட்டீர்களா? இரண்டு. 2, 3. இரண்டு கேள்விக்கும் ஆம் சொன்னவை அவைதான்.

“மற்றும்” என்ற இடத்தில் “அல்லது” என்று மாற்றுங்கள். இப்போது? எட்டும் வந்துவிடும்! விலை மலிவானவை எல்லாம் ஒரு வாசலில் நுழைந்துவிட்டன. விலை அதிகமான மல்கோவாவும் இமாம்பசந்தும் நார் இல்லை என்ற மறு வாசலில் நுழைந்துவிட்டன.

இனி ஒரு பொறி வைக்கிறேன். விழாமல் இருக்கிறீர்களா, பார்ப்போம்.

“மல்கோவாவும் நீலமும் எடுத்துக் காட்டு” என்று அப்பா மகளிடம் சொல்கிறார். மகள் என்ன நிபந்தனை போட வேண்டும்? பழம் மல்கோவா, மற்றும் பழம் நீலம். சரிதானே?

போட்டுப் பாருங்கள். ஒரு கூடைகூட வராது.

கணினி எல்லா வரிசைகளையும் மொத்தமாக நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறது. “முதல் கூடையே, உன் பெயர் மல்கோவாவா?” ஆம். “உன் பெயர் நீலமா?” இல்லை. அப்படியானால் உட்கார். எந்தக் கூடைக்கும் ஒரே நேரத்தில் இரண்டு பெயர் இருக்க முடியாதே! இங்கே “அல்லது” போட வேண்டும். அப்போது 1, 2, 7 மூன்றும் வரும். அப்பா இரண்டு வகையும் வேண்டும் என்றார். கூடையிடம் கேட்கும்போது அது “இதுவா அல்லது அதுவா” என்று மாறிவிடுகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் விழும் குழி இது.

ஆக்சஸில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நிரப்பாத படிவம் ஒன்று வரும். அதில் நீங்கள் நிரப்பியவை எல்லாம் “மற்றும்” என்று சேரும். படிவத்தின் அடியில் “அல்லது” என்று ஒரு தாள் முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சொடுக்கினால் இன்னொரு வெறும் படிவம் வரும். முதல் தாளில் மல்கோவா, இரண்டாவது தாளில் நீலம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. தர்க்கம் கண்ணுக்குத் தெரிகிறது.

“மற்றும்”, “அல்லது” இரண்டும் ஒரே கேள்வியில் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். “பழம் மல்கோவா அல்லது பழம் நீலம் மற்றும் விலை 100க்குக் கீழ்.” இப்படிக் கேட்டால் 180 ரூபாய் மல்கோவாவும் வந்து நிற்கும். கூட்டலும் பெருக்கலும் ஒன்றாக வந்தால் எதை முதலில் செய்வீர்கள்? பெருக்கலை. அதே மாதிரி இங்கே “மற்றும்” முதலில் ஒட்டிக்கொள்கிறது. மலிவு என்ற நிபந்தனை நீலத்தோடு ஒட்டிக்கொண்டது. மல்கோவாவிடம் விலையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. “மல்கோவா அல்லது நீலம்” என்பதை அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டால் 2, 7 மட்டும் வரும்.

கணக்குப் பாடம் மாதிரியே இருக்கிறதே என்கிறீர்களா? கணக்கேதான்! இதைக் கணக்காக மாற்றியவர் ஜார்ஜ் பூல். 1815இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர். வீட்டில் வசதி இல்லை. பதினாறு வயதிலேயே பூல் ஆசிரியர் வேலைக்குப் போனார். உயர்ந்த கணக்குகளைத் தானே புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டார். கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்காதவர், 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரில் கல்லூரிப் பேராசிரியராகவே ஆனார்.

நாம் யோசிக்கும் விதத்தையும் எண்களைப் போலக் குறியீடுகளால் எழுதிக் கணக்குப் போடலாம் என்றார் பூல். 1854இல் அதைப் பெரிய புத்தகமாக எழுதினார். உண்மை என்றால் 1, பொய் என்றால் 0. அந்தக் காலத்தில் கணினி கிடையாது. தன் கணக்கு மாம்பழக் கூடைகளை எண்ணும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இன்னொரு செய்தி, சும்மா தெரிந்துகொள்ளுங்கள். பூலின் மனைவி மேரியின் பெரியப்பாதான் ஜார்ஜ் எவரெஸ்ட். ஆம், சிகரத்துக்குப் பெயர் தந்த அதே எவரெஸ்ட். அவர் வேலை பார்த்த மாபெரும் நில அளவைப் பணி 1802இல் தொடங்கியது நம் சென்னையில்தான்.

சரி, ஏழாவது கூடைக்கு வருவோமா?

பூலின் உலகத்தில் ஆம், இல்லை என்று இரண்டே பதில். ஏழாவது கூடையிடம் “உன் பழத்தில் நார் இல்லையா?” என்று கேட்டால் அது என்ன சொல்லும்? ஆம் என்று சொல்ல முடியாது. நறுக்கிப் பார்த்தால்தானே தெரியும்? இல்லை என்றும் சொல்ல முடியாது. “தெரியாது” என்பதுதான் அதன் நேர்மையான பதில்.

வடிகட்டி ஆம் என்பவரை மட்டுமே திரைக்கு விடும். ஆகவே ஏழாவது கூடை உட்கார்ந்துவிட்டது. அடுத்து “நார் உண்டா?” என்று கேட்டார்கள். அதற்கும் “தெரியாது” என்றது. மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் நான்கும் மூன்றும் ஏழு!

கண்டுபிடித்தவர்கள் உங்கள் முதுகில் நீங்களே தட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றும் எழுதாத இந்த இடத்தை வெற்று என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் நல் என்பார்கள். வெற்று என்றால் பூஜ்யம் அல்ல. விலை பூஜ்யம் என்றால் இலவசம். விலை வெற்று என்றால் இன்னும் விலை போடவில்லை. இலவசம் என்று நினைத்துக்கொண்டு பழத்தை எடுத்துப் போக முடியுமா?

தெரியாது என்ற பதில் மற்ற பதில்களோடு சேரும்போது என்ன ஆகிறது, பாருங்கள். “விலை 100க்குக் கீழ், அல்லது நார் இல்லை” என்றபோது ஏழாவது கூடை வந்ததே, ஏன்? விலை 60 ரூபாய். ஒரு பக்கம் ஆம் என்றாகிவிட்டது. நார் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வாசல் திறந்துவிட்டது. “மற்றும்” என்றபோது வரவில்லை. அங்கே இரண்டும் ஆம் ஆக வேண்டும். ஒன்று ஆம், இன்னொன்று தெரியாது. மொத்தமும் தெரியாது. கணினி குருட்டுத்தனமாக ஒதுக்கவில்லை. நீங்களும் நானும் யோசிப்பது போலத்தான் யோசிக்கிறது.

“அப்படியானால் நார் என்ற இடத்தில் வெற்றுக்குச் சமமானவற்றைக் காட்டு என்று கேட்டால் ஏழாவது கூடை வருமா?” என்று ஒரு புத்திசாலி கேட்கலாம். நல்ல கேள்வி. வராது!

நறுக்காத இரண்டு கூடைகள் இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டிலும் நார் ஒரே மாதிரியா? யாருக்குத் தெரியும்? தெரியாததும் தெரியாததும் சமமா என்று கேட்டாலும் பதில் “தெரியாது”தான். ஆகவே சமக்குறி இங்கே உதவாது. இதற்கென்றே தனி நிபந்தனை வைத்திருக்கிறார்கள். பேஸில் அந்தச் சின்னப் பெட்டியின் நிபந்தனைப் பட்டியலில், பெரியது, சிறியது எல்லாவற்றையும் தாண்டி அடியில் போனால் நல் என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஏழாவது கூடை ஓடி வந்து நிற்கும்.

தரவுகளை இப்படி அட்டவணைகளாக வைக்கலாம் என்று 1970இல் ஒரு கட்டுரையில் சொன்னவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். பிறகு அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். தெரியாது என்ற மூன்றாவது பதிலை எப்படி நடத்துவது என்று 1979இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். 1981இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. கணினி அறிவியலில் அதுதான் மிகப் பெரிய விருது.

காட் அதோடு விடவில்லை. வெற்றிலும் இரண்டு வகை உண்டு என்றார். ஒன்று, பதில் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. இன்னொன்று, இந்தக் கேள்வியே இதற்குப் பொருந்தாது. எலுமிச்சைக் கூடையிடம் “நீ மல்கோவாவா, நீலமா?” என்று கேட்டால் அது என்ன செய்யும்? ஆனால் இந்த இரண்டு வகை யோசனையைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கிறிஸ் டேட் என்ற இன்னொரு தரவுத்தள அறிஞரோ வெற்று என்பதே வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும் என்று வாதாடினார். என்னைக் கேட்டால் வெற்று இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைக்க ஓர் இடம் வேண்டும்.

கணினி இல்லாமலும் இதையெல்லாம் செய்து பார்க்கலாம் தெரியுமா? கணினி பரவுவதற்கு முன்னால் நூலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் துளை அட்டைகளையும் நீண்ட ஊசியையும் வைத்து வடிகட்டினார்கள். வாருங்கள், செய்வோம்.

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கும். ஒரே அளவில் எட்டு அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். எட்டையும் அடுக்கிப் பிடித்து, மேல் விளிம்பை ஒட்டி இரண்டு துளைகள் போடுங்கள். எல்லா அட்டையிலும் துளை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வலது மேல் மூலையைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். ஏதாவது அட்டை திரும்பியிருந்தால் உடனே கண்ணில் படும். அந்தக் காலத்தவர்களும் இப்படித்தான் மூலையை வெட்டினார்கள்.

ஒவ்வோர் அட்டையிலும் ஒரு கூடையின் விவரத்தை எழுதுங்கள். முதல் துளை, நார் இல்லை என்பதற்கு. இரண்டாவது துளை, விலை 100க்குக் கீழ் என்பதற்கு. ஆம் என்றால் துளையிலிருந்து விளிம்பு வரை கத்தரியால் வெட்டித் திறந்துவிடுங்கள். ஆம் இல்லாவிட்டால் துளையை அப்படியே விடுங்கள்.

அடுக்கின் முதல் துளையில் ஓர் ஈர்க்குச்சியை நுழைத்து மேலே தூக்குங்கள். இலேசாக ஆட்டுங்கள். வெட்டிய துளை உள்ள அட்டைகள் பொலபொலவென்று கீழே விழும். வெட்டாதவை குச்சியில் தொங்கும். விழுந்தவைதான் உங்கள் விடை!

விழுந்த நான்கை மட்டும் எடுத்து அடுக்கி, இரண்டாவது துளையில் குச்சியை நுழைத்துத் தூக்குங்கள். இரண்டு விழும். இது “மற்றும்”. “அல்லது” எப்படிச் செய்வது? அதை நான் சொல்ல மாட்டேன். தொங்கும் அட்டைகளைப் பார்த்துக்கொண்டே யோசியுங்கள்.

ஏழாவது அட்டை என்ன ஆயிற்று, கவனித்தீர்களா? நார் இல்லை என்ற துளையை அதில் வெட்டவில்லை. அதனால் அது குச்சியிலேயே தொங்குகிறது. யாரோடு சேர்ந்து? நார் உண்டு என்ற செந்தூராவோடும் கிளிமூக்கோடும்! நம் அட்டைக்கு “இல்லை” என்பதும் “தெரியாது” என்பதும் ஒன்றாகப் போய்விட்டன. பாவம், நறுக்காத நீலத்தின் மேல் நார்ப்பழம் என்ற பழி.

இதை எப்படிச் சரிசெய்வது? நார் உண்டு என்பதற்கு மூன்றாவதாக ஒரு துளை போடுங்கள். ஏழாவது அட்டையில் நாருக்கான துளைகள் இரண்டையுமே வெட்டாதீர்கள். முதல் துளையிலும் மூன்றாவது துளையிலும் மாறி மாறிக் குச்சியை விட்டால், இரண்டிலும் தொங்கிக்கொண்டே இருப்பது அது ஒன்றுதான். ஒரே கேள்விக்கு இரண்டு துளை. பல தரவுத்தளங்களும் இந்த இடம் வெற்று என்று காட்ட உள்ளே தனியாக ஓர் அடையாளம் வைத்திருக்கின்றன.

எட்டு அட்டைக்கு ஒரு குச்சி போதும். பல லட்சம் வரிசைகள் இருந்தால்?

திரையை வடிவமைப்பவர் இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். தரவுகள் வேறோர் ஊரில் பெரிய கணினியில் இருக்கின்றன. எல்லா வரிசைகளையும் இங்கே வரவழைத்து, வேண்டாதவற்றைத் திரையில் மறைக்கலாம். அல்லது கேள்வியை அங்கேயே அனுப்பி, ஆம் என்றவற்றை மட்டும் வரவழைக்கலாம். முதல் வழியில் பார்க்கப்போகும் பத்து வரிசைகளுக்காகப் பத்து லட்சம் வரிசைகள் பயணம் செய்யும். இரண்டாவதுதான் நல்லது, இல்லையா? ஆனால் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட நூறு வரிசைகளை மாற்றி மாற்றி வடிகட்ட முதல் வழியே வேகமானது. ஒவ்வொரு முறையும் ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

பேஸில் ஒரு பெரிய அட்டவணையைத் திறந்தால் அடியில் வரிசைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி தெரியும். “இதுவரை இத்தனைதான் கொண்டுவந்திருக்கிறேன், இன்னும் இருக்கிறது” என்று அது சொல்கிறது. கீழே போகப் போக எண் கூடும். கடைசி வரிசைக்குப் போனால் நட்சத்திரம் மறைந்துவிடும்.

உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு போனிலும் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. எஸ்க்யூலைட் என்று பெயர். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000இல் வெளியிட்டது. தொலைபேசி எண்களின் பட்டியல் அதில்தான் இருக்கிறது. அத்தையைத் தேடிப் பெயரின் முதல் எழுத்தைத் தட்டியதும் பட்டியல் சுருங்குகிறதே, அப்போது நடப்பதும் வடிகட்டுதலே.

எழுத்துகளை வைத்து வடிகட்டுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முழுப் பெயரையும் தர வேண்டியதில்லை. முன்னும் பின்னும் என்ன இருந்தாலும் பரவாயில்லை என்பதற்குப் பேஸில் நட்சத்திரக் குறி போடலாம். நம் அட்டவணையில் நட்சத்திரம், மாம்ப, நட்சத்திரம் என்று கொடுத்துப் பாருங்கள். நாட்டு மாம்பழம் வரும். கூடவே இமாம்பசந்தும் வரும்! அதன் வயிற்றிலும் “மாம்ப” இருக்கிறதே. கணினிக்குப் பழம் தெரியாது. எழுத்துகள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்க்கும்.

ஒரே ஓர் எழுத்து என்பதற்குக் கேள்விக்குறி. நீலம் என்பதில் எத்தனை எழுத்து? நீ, ல, ம். மூன்று. ஆகவே மூன்று கேள்விக்குறி போட்டால் நீலம் வர வேண்டும். ஆனால் வராது. ஐந்து போட வேண்டும்.

ஏன் தெரியுமா? கணினி தமிழைச் சேமிக்கும் விதம் அப்படி. ந, அதன் மேல் ஈகாரக் குறி, ல, ம, புள்ளி. குறிகளும் புள்ளியும் தனித்தனி உருப்படிகள். பெரும்பாலான தரவுத்தளங்கள் அவற்றை ஒவ்வொன்றாகத்தான் எண்ணும்.

கொய்யாவில் இன்னும் பெரிய குறும்பு ஒளிந்திருக்கிறது. “கொ” என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க, அதன்பின் ஒகரக் குறி என்று இரண்டு உருப்படிகளாக வைக்கலாம். க, கொம்பு, கால் என்று மூன்றாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பல தரவுத்தளங்களுக்கோ அவை வேறு வேறு. ஒருவர் ஒரு விதமாகச் சேமித்து, இன்னொருவர் மறு விதமாகத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் கொய்யா கூப்பிட்டாலும் வராது. அதனால் விவரம் தெரிந்த நிரலர்கள், சேமிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

கார்த்திக் என்ற பெயருக்குப் பத்துக் கேள்விக்குறி வேண்டும். எண்ணிச் சரிபாருங்கள். உங்கள் பெயருக்கு எத்தனை?